ஒற்றை வேட்டு

எங்கள் வீட்டு விறகடுப்பில் விடிகாலை வெந்நீர் இரண்டு பேருக்குக் காயும். ஒன்று தாத்தா குளிக்க. இன்னொன்று தாத்தாவின் துப்பாக்கி குளிக்க.

பாளையம்பட்டிக்குக் கிழக்கே கடலைக் காட்டில் ராத்திரி ஒரு வேட்டுப் போட்டுவிட்டு வந்தார் என்றால், காலையில் முற்றத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். மரக்கட்டையிலிருந்து குழாயைக் கழற்றி, அடிப்பக்கத்தைப் பித்தளைச் செம்புக்குள் நிறுத்தி, வாய் வழியாக வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார். துணி சுற்றிய கம்பியை உள்ளே விட்டுக் கிணற்றில் நீர் இறைக்கிற மாதிரி ஏற்றி இறக்குவார். செம்புத் தண்ணீர் மைக்கறுப்பாகும். அழுகின முட்டை வாடை அடுப்படி வரைக்கும் போகும். அப்பத்தா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தச் சனியனைக் கொல்லையில வச்சுக் கழுவுனா ஆகாதா?" என்பாள். தாத்தா பதிலே சொல்ல மாட்டார். தண்ணீர் தெளிந்து வரும்வரை மூன்று முறை, நான்கு முறை. பிறகு சூட்டிலேயே குழாய் காய்ந்துவிடும். தேங்காயெண்ணெய் தொட்ட துணியை ஒரு தடவை உள்ளே விட்டு எடுத்து, குழாயைச் சூரியனுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். எனக்கும் காட்டுவார். உள்ளே ஒரு நாலணா அளவு வெளிச்சம் தெரியும்.

கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கசடாகத் தங்கிவிடும். அந்தக் கசடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு நாள் சோம்பேறித்தனம் பட்டால் குழாய்க்குள் துரு பூத்துவிடும். அதனால்தான் இந்தக் குளியல். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது பின்னால். அந்த அழுகின முட்டை வாடைக்கு ஆசைப்பட்டுக் காசு செலவழித்து, விடுமுறை எடுத்து, நாடு விட்டு நாடு போகிறவர்கள் உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பின்னால்தான். அப்போது தாத்தாவும் இல்லை, துப்பாக்கியும் இல்லை.

அமெரிக்காவில், தாத்தாவுடையதைப் போல வாய்வழி மருந்து நிரப்பும் துப்பாக்கிக்காரர்கள் 1933இலேயே தேசியச் சங்கம் வைத்துவிட்டார்கள். இண்டியானா மாநிலத்தில் பிரெண்ட்ஷிப் என்கிற சின்ன ஊரில் அவர்களுடைய சுடுகளம் இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே கூடி, மான்தோல் சட்டையும் தோளில் மருந்துக்கொம்புமாக, முப்பாட்டன் காலத்து ரைபிளால் சுடுகிறார்கள். இங்கிலாந்தில் 1952இல் சங்கம். 1971இல் பிரான்சின் வொடன்கூர் ஊரில் முதல் உலகப் போட்டி. அதற்கான சர்வதேசக் குழு இன்றும் இருக்கிறது. அதன் விதி எனக்குப் பிடித்திருக்கிறது: முப்பது நிமிடம், பதிமூன்று வேட்டு, அதில் நல்ல பத்து மட்டும் கணக்கில் வரும். அரை மணி நேரத்துக்குப் பதிமூன்று என்றால் ஒரு வேட்டுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். தாத்தாவுக்கு அது தாராளம்.

அந்தப் போட்டிகளில் திரித் துப்பாக்கிக்கென்றே ஒரு பிரிவு உண்டு. பெயர் தானெகாஷிமா. 1543இல் போர்த்துக்கீசியர் திரித் துப்பாக்கியோடு கரையேறிய ஜப்பானியத் தீவின் பெயர் அது. நம் பக்கத்துப் பாளையக்காரர்களிடமும் அதே திரித் துப்பாக்கிதான் இருந்தது. அவர்கள் பெயரில் போட்டி எதுவும் கிடையாது. ஏன் கிடையாது என்பதற்குத்தான் இவ்வளவு தூரம் எழுத வேண்டியிருக்கிறது.

அங்கே சட்டமும் இந்தத் துப்பாக்கியைச் செல்லப்பிள்ளையாக வைத்திருக்கிறது. அமெரிக்காவின் 1968ஆம் வருஷத்துத் துப்பாக்கிச் சட்டம், பழைய முறையில் வாய்வழி நிரப்புவதைத் துப்பாக்கி என்ற கணக்கிலேயே பெரும்பாலும் சேர்ப்பதில்லை. பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு இதற்கென்று தனியாகச் சில நாட்கள் ஒதுக்குகிறார்கள். ஒரே வேட்டு, தப்பினால் மான் போய்விடும், ஆகவே இவனுக்குக் கூடுதலாக நாலு நாள் கொடுக்கலாம் என்கிற கருணை. மெதுவான துப்பாக்கி அங்கே ஒரு சலுகை. இங்கேயும் இதைச் சட்டம் தனியாகத்தான் பார்த்தது. பார்வைதான் வேறு.

இடியன்

துப்பாக்கி என்ற சொல்லே துருக்கி மொழியிலிருந்து வந்தது. அதோடு உறவுள்ள 'துவக்கு' ஈழத்தில் இன்றும் நடமாடுகிறது. வாய்வழி நிரப்புவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'இடியன் துவக்கு'. கம்பியால் இடித்து இடித்து நிரப்புவதால் இடியன். இதைவிடச் சரியான பெயர் எந்த மொழியிலும் இருக்க முடியாது என்று நினைக்கிறேன். அதையே காட்டுப் பாதையில் கம்பி கட்டி, பன்றி தட்டினால் வெடிக்கிற மாதிரி வைத்தால் 'கட்டுத்துவக்கு'. பன்றிக்கு வைத்த கட்டுத்துவக்கு யானைக் காலையும் மனிதக் காலையும் கொண்டுபோன கதைகள் வன்னியிலும் அதைச் சுற்றியும் ஏராளம். நம் ஊரில் இதற்கு நாட்டுத் துப்பாக்கி என்று பெயர். உரிமம் இருந்தால் ஒற்றைக்குழல். இல்லையென்றால் கள்ளத் துப்பாக்கி. ஒரே சாமான், காகிதத்தைப் பொறுத்துப் பெயர் மாறும்.

தாத்தாவிடம் காகிதம் இருந்தது. அப்போது நாங்கள் ராமநாதபுரம் மாவட்டம். மாவட்டத்தின் பெயர் ராமநாதபுரம், கலெக்டர் ஆபீஸோ மதுரையில். 1985இல் மாவட்டம் பிரிந்து விருதுநகர் வருகிறவரைக்கும் பெரிய வேலை என்றால் மதுரைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். உரிமப் புத்தகத்தை மஞ்சள் பைக்குள் வைத்து, பையை வேட்டி மடிப்புக்குள் வைத்து எடுத்துப்போவார். அதில் காரணம் என்ற இடத்தில் பயிர்க் காவல் என்று எழுதியிருக்கும்.

ராத்திரிக் காவலுக்கு நானும் ஒரு முறை போயிருக்கிறேன். பத்து வயது இருக்கும். பரண் கட்டிலில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தோம். கடலை பால் பிடிக்கிற நேரம். நரி வந்து பறித்துத் தின்னும், பன்றி வந்தால் உழுதே போட்டுவிடும். கண்மாய்ப் பக்கம் சலசலப்புக் கேட்டதும் தாத்தா எழுந்தார். துப்பாக்கியைக் குத்துக்காலில் நிறுத்தினார். சுரைக்குடுக்கையிலிருந்து மருந்தை உள்ளங்கையில் கொட்டி, அளவு பார்த்து, குழாய் வாயில் விட்டார். தேங்காய் நாரை உருட்டித் திணித்து, கம்பியை எடுத்து இடிக்க ஆரம்பித்தார். டொக், டொக் என்று மந்தமாகக் கேட்ட சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, கடைசியில் கம்பி தானாகத் துள்ளியது. "கம்பி துள்ளுனாத்தான்யா மருந்து கெட்டிச்சிருக்குன்னு அர்த்தம்." ரவை போடவில்லை. குதிரையை இழுத்து, கீழே உள்ள முளையில் கேப்பை மாட்டினார். தீபாவளிக்குச் சுடுகிற பொட்டுவெடிக்கு அண்ணன் மாதிரிச் சின்னதாக ஒரு செம்புக் குல்லா. வானத்தைப் பார்த்து விசையை இழுத்தார்.

'டிக்' என்றது. அவ்வளவுதான்.

நான் சிரித்துவிட்டேன். தாத்தா அசையவில்லை. குழாயை வானத்தைப் பார்த்தபடியே பிடித்துக்கொண்டு, உதட்டுக்குள் எதையோ எண்ணிக்கொண்டே நின்றார். மருந்து நமுத்திருந்தால் நெருப்பு உள்ளே ஊர்ந்துகொண்டிருக்கும், எந்த நொடியிலும் வெடிக்கும். அது தெரியாமல் குழாயை இறக்கிப் பார்த்து முகத்தை இழந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். வெகுநேரம் கழித்துத்தான் இறக்கினார். வேறு கேப்பு மாட்டினார். இந்த முறை நெருப்பு நாக்கும், அதன் பின்னாலேயே வெள்ளைப் புகையும், நெஞ்சில் அறைகிற சத்தமும். புகை கலைந்தபோது காட்டில் எதுவும் இல்லை. பன்றி முதல் 'டொக்'கிலேயே போயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. (ரவை போடாத ராத்திரிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் முயல் கறி வெந்ததே இல்லை என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை.)

அந்த எண்ணிக்கையும் அந்த நிதானமும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்ததும் களத்தில் கிடந்த 27,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைப் பொறுக்கிச் சோதித்தார்கள். சுமார் 24,000 துப்பாக்கிகள் நிரப்பியபடியே கிடந்தன. அவற்றில் பாதியில் ஒன்றுக்கு இரண்டாக மருந்து இடித்திருந்தது. ஒரு துப்பாக்கியில் இருபத்து மூன்று முறை நிரப்பியிருந்தான் ஒருவன். கேப்பு வெடிக்காததைக்கூடக் கவனிக்காமல், பயத்தில், இடித்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

யாரிடம் எவ்வளவு வேகம்

பாளையம்பட்டி என்ற பெயரிலேயே பாளையம் இருக்கிறது. பாளையம் என்றால் படை தங்குமிடம். எங்கள் ஊருக்குத் தெற்கே நாகலாபுரம், கடல்குடி, குளத்தூர் என்று பாளையங்கள் வரிசையாக இருந்த சீமை இது. 1799இல் கட்டபொம்மனோடு நின்ற பாளையங்கள் அவை. அக்டோபர் 16இல் கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்ட கையோடு கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தரவு போட்டது. ஒப்படைத்தார்களா என்பது 1801 பிப்ரவரியில் தெரிந்தது. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பிய சில நாட்களில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்ணால் மறுபடி எழுந்து நின்றது. உள்ளே ஈட்டியும் இருந்தது, துப்பாக்கியும் இருந்தது. மே 24இல்தான் கம்பெனியால் அதைப் பிடிக்க முடிந்தது. ஊமைத்துரை அங்கிருந்தும் தப்பிக் கமுதிப் பக்கம் வந்து மருது சகோதரர்களோடு சேர்ந்தார்.

அந்தச் சண்டைகளில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, 1830இல் வெளியிட்ட தன் நினைவுக் குறிப்புகளில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று எழுதியிருக்கிறார். கற்றுக்கொடுத்தவரை 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். டிசம்பர் 1இல் கவர்னர் எட்வர்டு கிளைவின் பிரகடனம் வந்தது. இனிமேல் குடிகளிடம் ஆயுதம் இருக்கக் கூடாது.

1857 சிப்பாய்க் கலகம் எல்லோருக்கும் தெரியும். கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கச் சொன்னார்கள் என்பதுதான் பள்ளிக்கூடப் பாடம். ஏன் கடிக்க வேண்டும் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த 1853 மாடல் என்ஃபீல்டு ரைபிள் தாத்தாவின் துப்பாக்கிக்குச் சொந்தக்காரன், வாய்வழி நிரப்புவது. காகிதச் சுருளுக்குள் மருந்தும் குண்டும் இருக்கும். கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டை இடிக்க வேண்டும். கலகம் அடங்கியதும் ஒரு வழக்கம் வந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் புது மாடல், இந்தியச் சிப்பாய்க்கு அதைவிட ஒரு படி பழைய மாடல். 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்தபோது இந்தியனுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியனுக்கு விலக்கு.

சுதந்திர இந்தியாவின் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் நிற வேற்றுமை போய்விட்டது. ஆனால் 13ஆம் பிரிவைப் படித்தபோது எனக்குத் தாத்தாவின் ஞாபகம் வந்துவிட்டது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ என்றால் இருபது அங்குலத்துக்குக் குறையாத குழாயுள்ள, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத துப்பாக்கி. பயிர்க் காவலுக்கு என்றால் வாய்வழி நிரப்பும் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் மட்டும் அடுத்த வகை. சட்டம் எழுதியவர்கள் மனதில் ஒரு சித்திரம் இருந்திருக்கிறது. விவசாயி ஒரு வேட்டுப் போட்டால் போதும். அடுத்த வேட்டுக்கு இரண்டு நிமிடம் ஆகட்டும். இண்டியானாக்காரர் ஆசைப்பட்டுத் தேடிப்போகிற அந்த இரண்டு நிமிடத்தை எங்கள் தாத்தாவுக்குச் சட்டமே அளந்து கொடுத்தது. கரிசல்காட்டு ஆள் கையில் எவ்வளவு வேகத்தை நம்பிக் கொடுக்கலாம் என்பதற்கு அரசாங்கம் போட்ட கணக்கு அது.

அதையும் தேர்தல் வந்தால் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். தேதி அறிவித்ததும் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போய்விடும். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று வந்த வருஷங்களில் அது வீட்டில் இருந்ததைவிட அங்கே சுவரில் சாய்ந்து நின்ற நாட்கள் அதிகமோ என்று தோன்றும். ஒருமுறை திரும்பி வந்தபோது குழாய்க்குள் அந்த நாலணா வெளிச்சம் இல்லை. யாரும் எண்ணெய் போடவில்லை. போட வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவும் நியாயமில்லை. தாத்தா நாலு நாள் வெந்நீரும் சாம்பலுமாகத் தேய்த்தார். அப்பத்தாகூட வாடையைப் பற்றிப் பேசவில்லை.

காந்தள் செருகிய குழாய்

தென்னிந்தியாவில் துப்பாக்கி மானத்தோடு வாழ்கிற இடம் ஒன்று உண்டு. குடகு. செப்டம்பர் முதல் வாரத்தில் கைல்பொல்து பண்டிகை. நாற்று நட்டு முடித்த கையோடு வீட்டிலுள்ள ஆயுதங்களை விளக்கு முன் அடுக்கிப் பூசை செய்வார்கள். துப்பாக்கியில் ஒரு பூவைச் செருகுவார்கள். குடகு மொழியில் அது 'தோக் பூ', துப்பாக்கிப் பூ. நமக்கு அது செங்காந்தள். மூலனூர் பக்கம் கண்வலிக் கிழங்கு என்று விதைக்காகப் பயிர் செய்கிறோமே, அதே பூ. நம் மாநிலப் பூ அங்கே துப்பாக்கிக்கு மாலை. பூசை முடிந்ததும் மரத்தில் தேங்காய் கட்டிச் சுடும் போட்டி. ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வேட்டு, சாவு விழுந்தால் அடுத்தடுத்து இரண்டு.

குடகர்களுக்கு உரிம விலக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே தொடர்கிறது. ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கை 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் ஒரு சமூகத்தை நம்பினார்கள், அந்த நம்பிக்கை இன்றுவரை செல்லுபடியாகிறது. மற்றவர்கள் மீது வைத்த சந்தேகமும் அப்படித்தானோ என்று கேட்கத் தோன்றுகிறது. குடகர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

இந்தத் துப்பாக்கியைப் பிழைப்புக்கே வைத்திருந்தவர்கள் நரிக்குறவர்கள். திருவிழாக் கூட்டத்தில் ஊசி, பாசி விற்கிற கையே மறுநாள் கண்மாய்க் கரையில் காடை, கவுதாரிக்குக் குறி வைக்கும். பல குடும்பங்களில் துப்பாக்கியைத் தாங்களே செப்பனிட்டுக்கொள்வார்கள். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் உரிமம் இருந்தாலும் சுட ஒன்றும் மிச்சமில்லை. அவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தது 2023இல்தான். கிருஷ்ணகிரி, தருமபுரி மலை ஊர்களிலோ கதையே வேறு. உரிமமில்லாத துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸ் அவ்வப்போது கெடு வைக்கும், ராவோடு ராவாக யாரோ ஊர்ப் பொதுவில் வீசிவிட்டுப் போவார்கள். மறுநாள் செய்தித்தாளில் அந்தக் குழாய்கள் தரையில் வரிசையாகக் கிடக்கும் படம் வரும். யாருடைய முற்றத்தில் எதற்கெல்லாம் வெந்நீர் காய்ந்ததோ.

இந்த நாட்டில் இது பொழுதுபோக்காக ஆகுமா? சிலம்பம் ஆகியிருக்கிறது. கம்பைக் கண்டாலே ரௌடிப்பயல் வேலை என்று சொன்ன ஊர்தான் இன்று பிள்ளைகளைச் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்புகிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. துப்பாக்கி சுடுதலிலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளில் உலக அளவில் நின்றவர். புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்துப் பிருத்விராஜ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் சுட்டார். பழைய அரச குடும்பத்து வாரிசு ஒருவர் கையில் மறுபடி துப்பாக்கி, இந்த முறை பறக்கும் களிமண் தட்டை நோக்கி.

ஆனால் அந்தப் பழைய குழாய்க்கு இங்கே களம் இல்லை. சுட முடியாத நிலையில் உள்ள பழங்காலத் துப்பாக்கியைச் சட்டம் விட்டுவிடும், சுவரில் மாட்டிக்கொள்ளலாம். சுட வேண்டுமென்றால் ஒவ்வொரு பிடி மருந்துக்கும் கணக்கு. எங்களிடமிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் சிவகாசி இருக்கிறது. நாடு முழுக்க வெடிக்கிற சத்தத்துக்கு மருந்து இடிக்கிற பூமி. அந்த மருந்துக்கு வேண்டிய மூன்று சாமான்களில் கரி மட்டும் திருச்சுழிப் பக்கம் மலைபோல் கிடக்கிறது, சீமைக்கருவேல மூட்டங்களில். (அடுப்புக்கரிதான். வெடிமருந்துக்கு இலேசான மரத்துக் கரி வேண்டும், கருவேலங்கரி சரிப்படாது என்பார் தாத்தா.) வெடிப்பைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒரு சீமையில், உரிமம், கண்காணிப்பு, கண்ணாடி, காதடைப்பு எல்லாம் வைத்து ஒரு சுடுகளம் நடத்துவது ஆகாத காரியம் இல்லை. ஆசைப்படுகிறவன் முதலில் விளக்க வேண்டியது, தனக்கு ஏன் இந்த ஆசை என்பதை. அங்கேதான் நான் தடுமாறுகிறேன். குறி வைப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. கம்பி துள்ளுகிற அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்க வேண்டும், அவ்வளவுதான். இதை எந்த விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இதற்கிடையில் பன்றிகள் பெருகிவிட்டன. தூர்ந்த கண்மாய்களில் கருவேலம் மண்டி, பகலெல்லாம் அவற்றுக்கு நிழல். இப்போது கடலை குறைந்து மக்காச்சோளம். கதிர் முற்றுகிற நேரத்தில் ஒரு கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் அரை ஏக்கர் சாய்ந்திருக்கும். 2025 ஜனவரியில் மாநில அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியைச் சுடலாம், சுடுவது வனத்துறை. விவசாயி தகவல் சொல்ல வேண்டும். பன்றி அதுவரை காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர்கள் பழைய சேலைகளை வேலியாகக் கட்டுகிறார்கள். சிலர் ஒலிபெருக்கியில் நாய் குரைப்பைப் போடுகிறார்கள். சிலர் பி.வி.சி. குழாயில் கார்பைடு போட்டு வெடிக்கிறார்கள், அதுவும் ஒரு வகை இடியன்தான், கண்ணைப் பறிக்கக்கூடிய இடியன். திருட்டு மின்வேலியும், இரைக்குள் வெடி வைக்கிற அவுட்டுக்காயும் இன்னும் மோசம். அவுட்டுக்காய்க்குப் பன்றிக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தாத்தாவின் துப்பாக்கி இவை எல்லாவற்றையும்விடச் சாது.

அது என்ன ஆனது என்று சொல்லவில்லை. தாத்தா இறந்தபின் உரிமத்தை மாற்ற அப்பாவுக்கு விருப்பமில்லை. ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வந்தார். ரசீது டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அப்படிக் கொடுக்கும்போது குழாயும் கட்டையும் குதிரையும் போய்விட்டன, இடிக்கிற கம்பி மட்டும் அடுப்படி மூலையில் நின்றுவிட்டது. அது ரசீதிலும் இல்லை. முருங்கைக்காய் பறிக்கவும், பரணில் எலி விரட்டவும் ஆயிற்று.

போன மாசி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி சித்தப்பா மகனோடு மக்காச்சோளக் காட்டுக்குக் காவலுக்குப் போனேன். வரப்பில் ஒரு எண்ணெய் டின் கவிழ்ந்து கிடந்தது. கண்மாய்ப் பக்கம் சலசலத்ததும் அவன் செல்போனைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த கம்பியை எடுத்து டின்னில் அடிக்க ஆரம்பித்தான். முனை தேய்ந்து வழவழவென்றிருந்த கம்பி. இருட்டிலும் எனக்கு அடையாளம் தெரிந்தது. நாலாவது அடியில் அது அவன் கையில் துள்ளியது.